அமிக்டலா பெரிதாக இருந்தால் அரசியல் மாறுமா? உரைக்கு உதவி தேவை

அல்சூர் வாசகன்
வணக்கம். பெங்களூருவில் எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் ‘மூளையும் அரசியல் பிளவும்’ பற்றி 40 நிமிடம் பேச வேண்டும். முப்பது பேர் வரலாம். ‘பழமைவாதிகளுக்கு அமிக்டலா பெரிது, முற்போக்காளர்களுக்கு சிங்குலேட் புறணியின் முன்பகுதி பெரிது’ என்று ஒரு ஸ்லைடு போட்டிருக்கிறேன். (அமிக்டலா, ஆபத்தையும் உணர்ச்சியையும் கவனிக்கும் மூளைப் பகுதி; சிங்குலேட், முரண்களைக் கவனிக்கும் பகுதி.) இதைத் தைரியமாகச் சொல்லலாமா? உதாரணத்துக்குக் காவிரியை எடுக்கலாமா, இல்லை அது சண்டையில் முடியுமா?

நரம்பிழை
சார், அந்த ஸ்லைடை அப்படியே வைக்காதீர்கள். அது 2011-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 90 இளைஞர்களை ஸ்கேன் செய்து வந்த முடிவு. அரசியல் சார்பை அளந்ததோ ஒரே ஒரு கேள்வியால்தான். 2024-இல் நெதர்லாந்தில் 928 பேரின் ஸ்கேனை வைத்து அதையே மறுபடி பார்த்தார்கள். சிங்குலேட் தொடர்பு கிடைக்கவே இல்லை. அமிக்டலா தொடர்பு கிடைத்தது, ஆனால் முதலில் சொன்னதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வேறுபாட்டின் அளவு ஓர் எள் அளவு என்றார்கள். அமிக்டலாவே பாதாம் பருப்பு அளவு. அதில் ஓர் எள். அதை வைத்து ஒருவர் ஓட்டு எங்கே போகும் என்று சொல்லவே முடியாது.

மூளை அப்படி இருப்பதால் கருத்து அப்படியா, கருத்தோடு வாழ்ந்ததால் மூளை அப்படியா என்பதையும் ஒருமுறை எடுத்த ஸ்கேன் சொல்லாது. இன்னொன்று: பழமைவாதி, முற்போக்கு என்ற ஒற்றைக் கோடு அவர்கள் ஊர் அளவுகோல். மொழி, சாதி, மாநிலம் எல்லாம் குறுக்கே ஓடும் நம்மூரில் யாரை எந்த முனையில் நிறுத்துவீர்கள்? ‘அவங்க மூளையே வேற’ என்று கேட்பவர் வீட்டுக்கு எடுத்துப்போனால், நீங்கள் பேச வந்த பிளவை நீங்களே பெரிதாக்கியதாகிவிடும்.

காக்ஸ்டவுன் மீரா
அளவை விட்டுவிட்டு, மூளை என்ன செய்கிறது என்பதைச் சொல்லுங்கள். 2004 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் இரு கட்சியின் தீவிர ஆதரவாளர்கள் 30 பேரை ஸ்கேனரில் படுக்கவைத்து, புஷ்ஷும் கெர்ரியும் முன்னுக்குப்பின் முரணாகப் பேசியதைக் காட்டினார்கள். எதிரணித் தலைவரின் முரண் பளிச்சென்று பட்டது. தன் தலைவருடையது படவில்லை. அப்போது நிதானமாகக் கணக்குப் போடும் மேல்பக்க முன்மூளை கூடுதலாக வேலை செய்யவில்லை. உணர்ச்சியைச் சமாளிக்கும் பகுதிகள்தான் செய்தன. இரு கட்சிக்காரர்களிடமும் இதே கதைதான்.

2016-இல் 40 பேரின் நம்பிக்கைகளுக்கு எதிரான வாதங்களைக் காட்டிப் பார்த்தார்கள். அரசியல் சாராத விஷயங்களில் ஓரளவு இறங்கி வந்தவர்கள், அரசியல் விஷயத்தில் அவ்வளவாக அசையவில்லை. ‘நான் யார்’ என்று யோசிக்கும்போது இயங்கும் வலைப்பின்னல் அங்கே கூடுதலாக இயங்கியது. கருத்தைத் தொட்டால் ஆளையே தொட்டதுபோல. உரையின் நடுப்பகுதி முழுவதும் இதற்கே கொடுக்கலாம்.

நரம்பிழை
மீரா சொன்னது சரி. காவிரியை எடுக்கலாம் சார். வாதமாக எடுக்காமல் பயிற்சியாக எடுங்கள். ஆளுக்கொரு தாள். ‘காவிரி நீர்ப் பங்கீட்டில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு நியாயமானது’ என்பதற்கு 1 முதல் 7 வரை மதிப்பெண். பிறகு அந்தப் பங்கீடு *எப்படி* நடக்கிறது என்று படிப்படியாக எழுதச் சொல்லுங்கள்: மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளப்பது, ஜூனில் தொடங்கும் நீராண்டு, மாதவாரி அட்டவணை, மழை பொய்த்தால் என்ன செய்வது. ஐந்தாறு நிமிடம் போதும். பெரும்பாலோர் இரண்டாம் வரியிலேயே நின்றுவிடுவார்கள். அதற்குப்பின் மறுபடி மதிப்பெண்.

‘ஏன்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 2013-இல் இந்த முறையைச் சோதித்தபோது, ‘எப்படி’ என்று விளக்கியவர்களின் பிடிவாதம் தளர்ந்தது. காரணம் அடுக்கியவர்களுக்குத் தளரவில்லை. பின்னால் செய்தவர்களுக்கு அதே பலன் எப்போதும் கிடைக்கவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தாளை வாய்விட்டுப் படிக்கவும் சொல்லாதீர்கள். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

கடைசியில் கணக்கைப் பலகையில் எழுதுங்கள். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டியது, நடுவர் மன்றம் 2007-இல் சொன்னபடி 192 டிஎம்சி, உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னபடி 177.25. குறைந்த 14.75-இல் 10 டிஎம்சி தமிழ்நாட்டு நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால், மீதி 4.75 பெங்களூரு குடிநீருக்கு. ‘நம்ம தண்ணி’ என்று சொல்லும்போது அந்த அறையில் இருக்கும் தமிழர் எந்தப் பக்கம் நிற்கிறார்? அந்த இடத்தில் ஒரு நிமிடம் பேசாமல் விடுங்கள்.

அல்சூர் வாசகன்
ரொம்ப நன்றி. ஸ்லைடை எடுத்துவிட்டேன். சிவப்பாக ஒளிரும் மூளைப் படம் ஒன்றையாவது வைக்கலாமா?

காக்ஸ்டவுன் மீரா
வைத்தால் விளக்கத்தோடு வையுங்கள். அந்தச் சிவப்பு நியூரான் எரிவது இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை, ஐந்தாறு வினாடி தாமதமாக, பலருக்குச் சராசரி எடுத்து, ஒரு வரம்புக்கு மேல் வந்த இடங்களுக்கு மட்டும் பூசிய நிறம். ‘அமிக்டலா ஒளிர்ந்தது, அதனால் பயந்தார்’ என்றும் சொல்லக்கூடாது. புதிய முகம், பிடித்த உணவு எதற்கும் அது ஒளிரும். 2009-இல் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து மனிதர் படங்களைக் காட்டினார்கள். தற்செயலாக வரும் புள்ளிகளைக் களையும் புள்ளியியல் திருத்தம் செய்யாதவரை அதன் மூளையிலும் சிவப்புப் புள்ளி வந்தது. உங்கள் படத்துக்கு முன்னால் அந்த மீனைக் காட்டிவிடுங்கள்.