இலவசக் கூறா, கட்டற்ற கூறா: கலைச்சொல் முன்மொழிவு குறித்து

வணக்கம்.

மென்பொருள் உருவாக்குநர்கள் தாங்களே எழுதாமல் வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் ஆயத்த நிரல் துண்டுகளான காம்போனென்ட்களை 'இலவசக் கூறு', 'கட்டணக் கூறு' என இரண்டாகப் பிரித்துக் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். இரண்டும் எளிய சொற்கள், படித்தவுடன் விளங்குபவை. ஆனாலும் அவற்றை எதிரெதிராக நிறுத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பிரிவு விலையை மட்டுமே பேசுகிறது. தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியதோ உரிமத்தை, அதாவது நிரலைப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் விதிக்கப்படும் நிபந்தனைகளை.

ஆங்கிலத்தின் 'ஃப்ரீ' (free) என்ற சொல்லுக்குள் விலையின்மையும் விடுதலையும் சேர்ந்தே கிடப்பதால், அவற்றைப் பிரித்து விளக்கக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் பல்லாண்டு பாடுபட வேண்டியிருந்தது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. 'இலவசம்' ஒன்று, விரும்பியபடி பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் 'கட்டற்ற' என்பது வேறொன்று. இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. கையில் இருக்கும் வசதியை நாமே தொலைப்பானேன்? கட்டற்ற உரிமங்களுள் ஒன்றான குனூ பொது உரிமத்தில் (GPL) வெளியாகும் கூறுகளை விலைக்கு விற்கத் தடையில்லை. மூலநிரலை (நிரலாளர் எழுதிய வடிவத்தை) காட்டாத கூறுகள் காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. முன்னவை கட்டற்றவை, ஆனால் இலவசமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பின்னவை இலவசம், ஆனால் அவற்றில் பிழை கண்டால் திருத்த நமக்கு வழியில்லை.

முன்மொழிந்த பிரிவுக்குள் அடங்காத கூறுகளும் உள்ளன. மென்பொருளின் சாளரங்கள், பொத்தான்கள் போன்றவற்றை அமைக்க உதவும் கியூட்டி (Qt) நிரலகத்தின் பெரும்பகுதியைக் குனூ உரிமங்களின் கீழும் பெறலாம், வணிக உரிமம் வாங்கியும் பெறலாம். நிரல் ஒன்றே, அதைப் பெறும் நிபந்தனைகள் இரண்டு. இதற்கு 'இரட்டை உரிமம்' என்ற சொல் பொருந்தும். வலைப்பக்கங்களில் அட்டவணை காட்டும் ஏஜி கிரிட்டின் கதை வேறு. அதன் அடிப்படைப் பதிப்பு கட்டுப்பாடுகள் மிகக் குறைந்த எம்ஐடி (MIT) உரிமத்தில் கிடைக்கிறது. வரிசைகளைத் தொகுத்துக் காட்டுவது, எக்செல் கோப்பாக ஏற்றுமதி செய்வது போன்ற வசதிகளோ கட்டணப் பதிப்பில்தான் உள்ளன; உரிமச் சாவி இல்லாமல் அந்தப் பதிப்பைச் சேர்த்தால் அட்டவணையின் மேல் நீர்க்குறி தோன்றும். இங்கே இருப்பவை வேறு வேறு வசதிகள் கொண்ட இரு பதிப்புகள். ஆகவே இதையும் 'இரட்டை உரிமம்' என்று எழுதிவிடக் கூடாது. 'பதிப்புப் பிரிவு' என்று வேறு பெயர் கொடுப்பதே நல்லது.

'இலவசம்' என்ற சொல் எதை மறைத்துவிடும் என்பதற்கு, தரவை நினைவகத்தில் வைத்து விரைவாகத் தரும் ரெடிஸ் (Redis) நல்ல எடுத்துக்காட்டு. 2024 மார்ச்சில் அதன் உரிமம் கட்டற்ற பிஎஸ்டியிலிருந்து (BSD) வேறு உரிமங்களுக்கு மாற்றப்பட்டது. மூலநிரலைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது, பெரும்பாலான பயனர்கள் பணம் கட்ட வேண்டியும் வரவில்லை. ஆனால் அதைச் சேவையாக வழங்குவோர் மீது கட்டுப்பாடுகள் வந்தன. அதன் விளைவாக லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ (Valkey) என்ற கிளைத்திட்டம், பழைய நிரலிலிருந்து பிரிந்து வளரும் திட்டமாக, பிறந்தது. 2025இல் ரெடிஸ் குனூ குடும்பத்துக் கட்டற்ற உரிமமான ஏஜிபிஎல்லையும் (AGPL) ஒரு தெரிவாகச் சேர்த்துக்கொண்டது. விலையை மட்டும் பார்க்கும் பட்டியலில் இத்தனையும் நடந்த பிறகும் அது 'இலவசக் கூறு' என்ற அதே வரியில்தான் இருந்திருக்கும். மூலத்தைப் பார்க்கலாம், ஆனால் விரும்பியபடி பயன்படுத்த முடியாது என்ற இந்த இடைநிலைக்குக் 'காண்மூலம்' என்று எழுதிப் பார்த்தேன், வாய்க்கு ஒட்டவில்லை. 'மூலம் காட்டும் உரிமம்' நீளமானாலும் தெளிவாக இருக்கிறது.

இனி செலவு. ஜாவா நிரல்களில் நிகழ்வுப் பதிவுகளை எழுத உதவும் கூறான லாக்4ஜேயில் (Log4j) 2021 டிசம்பரில் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, லாக்4ஜேயை நேரடியாகச் சேர்த்தவர்கள் மட்டுமல்லாமல், வேறொரு கூறின் வழியாகத் தம் நிரலுக்குள் அது நுழைந்திருப்பதையே அறியாதவர்களும் சார்புகளை (தம் நிரல் சார்ந்திருக்கும் பிற கூறுகளை) ஒவ்வொன்றாகத் தேடிப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. லாக்4ஜேக்கு விலை கேட்டவர் யாரும் இல்லை. செலவானதோ பணியாளர்களின் நாட்கள். காசு கொடுத்து வாங்கினால் இந்தத் தலைவலி தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஆண்டுச் சந்தா நின்றால் புதிய பதிப்புகளும் நின்றுவிடலாம். விற்ற நிறுவனமே மூடிவிட்டால், மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் முன்பே போட்டிராதவர் கையில் திருத்த முடியாத ஒரு கோப்புத்தான் மிஞ்சும். விலையிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டிய இந்தச் சுமைக்குப் 'பேணுசெலவு' என்ற வினைத்தொகையை முன்வைக்கிறேன். 'பராமரிப்புச் செலவு' இருக்கிறதே எனலாம். அது விற்பனையாளர் அனுப்பும் பராமரிப்புக் கட்டணத்தையே நினைவூட்டுகிறது, நம் குழு செலவிடும் நேரத்தை அன்று.

'கூறு' என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை. 'பாகம்' வன்பொருளுக்கு நெருக்கமானது, 'உறுப்பு' கணிதத்தில் வேறு பொருளில் வேரூன்றியது. ஒரே ஓர் இடறல்: வேற்றுமை உருபு ஏற்கும்போது 'கூற்றை' என்று முறைப்படி எழுதினால், படிப்பவர் யாரோ சொன்னதையோ எமனையோ எண்ணக்கூடும். 'கூறை' என எழுதினாலோ மணப்புடவை வந்து நிற்கும். ஆகவே தலைச்சொல்லை 'நிரற்கூறு' என வைத்து, வாக்கியங்களில் இயன்றவரை பன்மையில் ஆளலாம்.

உரிமத்தைக் குறிக்கக் 'கட்டற்ற நிரற்கூறு', 'தனியுரிமை நிரற்கூறு' என்பவற்றையும், விலையைக் குறிக்க 'இலவச', 'கட்டண' என்னும் அடைகளையும் தனித்தனி வரிகளாகப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'பேணுசெலவு' பற்றி மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்.