ட்ராப் சி மெட்டல், பொதுச் சுவர் வீடு, 35,000 ரூபாய்: எந்த ஆம்ப் எடுக்கலாம்?

அரசலாறு (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது பழைய தெருவீடு, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே பொதுச் சுவர்தான். பகலெல்லாம் கடையில் இருப்பேன், கிட்டாரைக் கையில் எடுக்க ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும், அந்த நேரத்தில் பாட்டி கூடத்தில் படுத்திருப்பார். வாசிப்பது மெட்டல் இசை: த்ராஷ், கொஞ்சம் டெத் மெட்டல். ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) போட்ட ஐபனேஸ் கிட்டார், ட்ராப் சி ட்யூனிங் (தந்திகளை வழக்கத்தைவிட இறக்கி, தடித்த தந்தியை சி ஸ்வரத்துக்குக் கொண்டுவருவது). ட்ரம்ஸை மயிலாடுதுறையில் இருக்கும் நண்பன் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்புகிறான். ரிதம் கிட்டார் முழுவதையும் வீட்டிலேயே ரெக்கார்ட் செய்ய வேண்டும்.

கையில் 35,000 இருக்கிறது. பார்த்து வைத்திருப்பவை: பாஸ் கட்டானா 50, ஆரஞ்ச் மைக்ரோ டார்க் (கேபினட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, தனியாக வாங்க வேண்டும்), அப்புறம் திருச்சியில் ஒருவர் விற்கும் 100 வாட் ட்யூப் ஹெட் (வால்வில் ஓடும், ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்). அதற்குக் கேபினட் கிடையாது, விலையும் கூடத்தான், ஆனால் பாதிப் பணம் இப்போது, மீதி பொங்கலுக்குக் கொடுத்தால் போதும் என்கிறார். இன்னொரு நண்பர் ஆம்பே வேண்டாம், ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்கி ப்ளகினில் (ஆம்ப் மாதிரிச் சத்தம் தரும் மென்பொருளில்) வாசி என்கிறார். மனசு ட்யூப் பக்கம்தான் சாய்கிறது. நேரில் வாசித்துப் பார்க்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும், அதனால் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

வடவாறு (தஞ்சாவூர்)

தம்பி, அந்த ட்யூப் ஹெட்டை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். ட்யூப் கெட்டது என்று சொல்லவில்லை, உங்கள் வீட்டுக்கும் நேரத்துக்கும் அது ஆகாது.

வாட் கணக்கைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 100 வாட்டை 10 வாட்டாகக் குறைத்தால் சத்தம் பத்தில் ஒரு பங்காகாது, 10 டெசிபல்தான் குறையும், காதுக்கு ஏறக்குறைய பாதியாகத் தெரியும். மெட்டல்காரர்கள் தேடித் தேடி வாங்கும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் வரும் என்று அந்தக் கம்பெனியே போட்டிருக்கிறது. ஒரு வாட்டுக்கே இப்படி! நாகஸ்வரத்தை நாலு வீதியில் கேட்டால்தான் சுகம், பூட்டிய அறைக்குள் ஊதினால் காது வலிக்கும். அந்த ஹெட்டும் அப்படித்தான், மேடைக்கு என்றே செய்தது. நீங்கள் வால்யூமைத் திறக்கவே முடியாது, திறக்காமல் வைத்திருக்க எதற்குப் பாதிச் சம்பளம்?

கேபினட் இல்லாமல் வாங்கி வந்து, ஹெட்போன் போட்டுப் பார்க்கலாம் என்று ஆன் செய்துவிடாதீர்கள். ட்யூப் ஆம்பின் அவுட்புட்டில் ஸ்பீக்கரோ லோட் பாக்ஸோ (ஸ்பீக்கருக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் பெட்டி) கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். இல்லாமல் வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம், ஆம்பிலேயே அதிக விலை உள்ள பாகங்களில் ஒன்று அது. டூ நோட்ஸ் கேப்டர் மாதிரி லோட் பாக்ஸ் வைத்துச் சத்தமில்லாமல் ரெக்கார்ட் செய்யலாம்தான், ஆனால் அதற்குத் தனியாகப் பணம் வேண்டும்.

அடுத்தது கரண்ட். குறுவை சமயத்தில் போர்வெல் மோட்டாரெல்லாம் ஓடும்போது எங்கள் லைனில் வோல்டேஜ் 190 வரைக்கும் இறங்கிவிடும். ட்யூபின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போக வேண்டும், அந்த நேரத்தில் 5.2 பக்கம்தான் போகும். ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து வோல்டேஜை வேண்டுமென்றே குறைத்து வாசித்தவர், அந்தக் குழைவு அவர் பாணிக்குப் பொருந்தியது. உங்களுக்கு வேண்டியது இறுக்கமான பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிப்பது), வோல்டேஜ் தொய்ந்தால் அடியும் தொய்யும். நல்ல ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகும், அதுவும் செலவுதான். பவர் ட்யூப் போனால் ஜோடி பார்த்து மாற்றி பயாஸ் (ட்யூபில் ஓடும் கரண்ட் அளவு) வைத்துத் தர இந்தப் பக்கம் ஆள் கிடையாது.

என் ஓட்டு கட்டானாவுக்கு. பவரை 0.5 வாட்டுக்கு இறக்கலாம், யுஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் செருகி மைக் இல்லாமலே ரெக்கார்ட் செய்யலாம், ஹெட்போன் போட்டால் பாட்டி தூக்கமும் கெடாது. பிரவுன் என்ற ஆம்ப் வகையில் கெயினை (கரகரப்பின் அளவை) பாதியில் வைத்து, முன்னால் ஒரு ஓவர்டிரைவ் எஃபெக்ட் போட்டு வாசித்துப் பாருங்கள்.

பாமணியாறு (மன்னார்குடி)

வடவாறு அண்ணன் வாட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ட்யூப் என்றாலே 100 வாட் என்று ஏன் நினைக்க வேண்டும்? என்னிடம் பிளாக்ஸ்டார் எச்டி-5ஆர் இருக்கிறது, 5 வாட், முழு ட்யூப். புதிய மாடலில் அரை வாட்டுக்கு இறக்கவும் வசதி உண்டு, கேபினட் எமுலேஷனோடு (ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் போலச் செய்வது) அவுட்புட்டும் இருக்கிறது. பகல் நேரத்தில் மைக் வைத்து வாசிக்க முடிகிற வீடாக இருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஸ்பீக்கர் தள்ளுகிற காற்று காலில் படும்போது வலது கை வேறு மாதிரி அடிக்கும், அது டேக்கில் (பதிவில்) கேட்கும். ப்ளகினில் எனக்கு அது கிடைப்பதில்லை.

மைக் ஷூர் எஸ்எம்57 ஒன்று போதும். க்ரில் துணியை ஒட்டி வையுங்கள். ஸ்பீக்கர் நடுவில் ஒரு மூடி இருக்கும் பாருங்கள், அதன் விளிம்புக்கு நேராக ஆரம்பித்து வெளிப்பக்கமாக விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்துங்கள். நடுவில் வைத்தால் கீச்சென்று கடிக்கும், வெளியே போகப் போக இருட்டாகிவிடும். ஆம்பில் ட்ரெபிள் குமிழைத் திருகுவதைவிட இது பெரிய மாற்றம். மைக் அவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் அறையின் எதிரொலி அதிகம் நுழையாது, ஆனாலும் மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் இருந்தால் ஆம்புக்கு அடியிலும் பின்னாலும் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டுவிடுங்கள்.

ட்யூப் இருந்தால்தான் மெட்டல் என்பதையும் நம்பாதீர்கள். பான்டெராவின் டைம்பேக் டாரெல் உலகத்தையே மிரட்டியது ராண்டால் சாலிட் ஸ்டேட் (ட்யூப் இல்லாத, ட்ரான்சிஸ்டர்) ஆம்பில். டெத் இசைக்குழுவின் சக் ஷூல்டினர் வாசித்தது மார்ஷல் வால்வ்ஸ்டேட், ப்ரீஆம்பில் (ஆம்பின் முதல் கட்டத்தில்) மட்டும் ஒரு ட்யூப், மிச்சமெல்லாம் ட்ரான்சிஸ்டர். நீங்கள் கேட்ட மைக்ரோ டார்க்கும் அதே வகைதான்: ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 ட்யூப், 20 வாட் ட்ரான்சிஸ்டர் பவர். வால்யூம், ஷேப், கெயின் என்று மூன்றே குமிழ், குழப்பமே இல்லை, ஹெட்போன் ஓட்டையிலேயே கேபினட் சிமுலேஷன் வரும். ஸ்டோனர், டூம் என்ற மெதுவான வகைகளை வாசிப்பவராக இருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன், த்ராஷ் ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிக்கு) அதன் அடிப்பகுதி எனக்குக் கொஞ்சம் கொழகொழவென்று இருந்தது.

வெட்டாறு (திருவாரூர்)

மூன்று பேரும் ஆம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், பொதுச் சுவர் வீட்டில், ரெக்கார்டிங்குக்கு என்று கேட்டால் என் பதில் இன்டர்ஃபேஸ்தான். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஒன்று, இன்ஸ்ட் பட்டனை அழுத்தி கிட்டாரை நேரே செருகுங்கள். லேப்டாப்பில் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச ப்ளகினைப் போடுங்கள். பீவி 5150, மெசா ரெக்டிஃபையர் என்று மெட்டலில் கேட்டுக் கேட்டுப் பழகிய ஆம்புகளையெல்லாம் ஆட்கள் கேப்சர் செய்து (சத்தத்தை மென்பொருளில் பிடித்து) சும்மா தருகிறார்கள். அதன் பின்னால் ஒரு ஐஆர் போட வேண்டும், அதாவது ஒரு கேபினட்டை ஒரு மைக் எப்படிக் கேட்டதோ அதை அப்படியே பிடித்து வைத்த சின்ன வேவ் ஃபைல். ப்ளகின் சத்தம் கொசு மாதிரி இருக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ஐஆர் போடாமல் கேட்டவர்கள்தான். ஆம்பை மாற்றுவதைவிட ஐஆரை மாற்றினால்தான் சத்தம் அதிகம் மாறும், அதில் நேரம் செலவழியுங்கள்.

ஆம்புகளை ஒப்பிடுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யூடியூபில் ஒப்பிட்டு முடிவெடுக்கிறோம். இரண்டு சத்தத்தில் எது துளி கூடுதலாக ஒலிக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். சத்தம் குறைவாக இருந்தால் அடியும் உச்சியும் காதுக்குச் சரியாக எட்டாது, ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரே ரிஃபைச் சுத்தமாக ஒரு தடவை ரெக்கார்ட் செய்து, அதே டேக்கை ஒவ்வொரு ஆம்ப் மாடலிலும் விட்டு, மீட்டரைப் பார்த்து அளவைச் சமமாக்கி, நண்பர் அனுப்பிய ட்ரம்ஸையும் பேஸையும் கூட ஓடவிட்டுக் கேளுங்கள். தனியாகக் கேட்கும்போது மலை மாதிரி நின்ற டோன் பாட்டுக்குள் காணாமல் போகும், தனியாகக் கேட்டபோது மூக்கடைத்த மாதிரி இருந்தது கச்சிதமாக உட்காரும்.

ட்ராப் சியில் உங்கள் தடித்த தந்தி 65 ஹெர்ட்ஸ். கிட்டார் ஸ்பீக்கர்கள் 70க்குக் கீழே பெரிதாக எதையும் தருவதில்லை. மெட்டல் பாட்டில் நெஞ்சில் இடிக்கும் கனம் பெரும்பாலும் பேஸ் கிட்டாரிலிருந்தும் கிக் ட்ரம்மிலிருந்தும் வருகிறது. கிட்டாரில் 80, 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு அந்த இடத்தை பேஸுக்குக் கொடுங்கள். மிட் பகுதியை (நடுத்தர ஒலியை) உறிஞ்சிவிடாதீர்கள், அதுதான் கிட்டார். ரிதமை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து ஒன்றை முழு இடது, ஒன்றை முழு வலது பக்கம் போடுங்கள். ஒரே டேக்கை காப்பி அடித்து இரண்டு பக்கமும் வைத்தால் நடுவில்தான் கேட்கும், அகலம் வரவே வராது. இரண்டு கிட்டார் சேரும்போது டிஸ்டார்ஷன் தானே கூடும், அதனால் கெயினை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். ஆம்ப் மாடலுக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி ஒரு ஓவர்டிரைவ், டிரைவ் சுழியம், லெவல் முழுசு. அடியில் இருக்கும் சகதியை அது வெட்டிவிடும், பாம் மியூட் டக் டக்கென்று நிற்கும்.

லேட்டன்சிக்கு (வாசித்த பின் சத்தம் கேட்க ஆகும் தாமதத்துக்கு) பயப்பட வேண்டாம். இன்டர்ஃபேஸ் கம்பெனியின் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போட்டு பஃபரை 128 சாம்பிளில் வையுங்கள். போக வர சேர்த்து 10 மில்லி செகண்டுக்குள் வந்துவிட்டால், பத்தடி தள்ளி வைத்த ஆம்பைக் கேட்பது மாதிரிதான் இருக்கும்.

அரசலாறு (கும்பகோணம்)

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மூவருக்கும் நன்றி. திருச்சிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் இன்டர்ஃபேஸும் ஒரு நல்ல ஹெட்போனும் வாங்கி நானும் நண்பனும் செய்துகொண்டிருக்கும் நான்கு பாட்டையும் முடிக்கிறேன். மீதிப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பகலில் ஆளில்லாத இடம் ஒன்று கிடைத்ததும் பாமணியாறு அண்ணன் சொன்ன 5 வாட்டைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கட்டானாவை நண்பனிடம் சொன்னேன், அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

ஒரு சந்தேகம். பழைய வீடு, அறையில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்றே தெரியாது. நண்பரின் இன்டர்ஃபேஸை வாங்கிச் செருகிப் பார்த்தேன், வாசிக்காத நேரத்தில் 'ஙீ' என்று ஒரு இரைச்சல், தந்தியைத் தொட்டால் குறைகிறது. இதற்கு என்ன செய்வது?

வெட்டாறு (திருவாரூர்)

தொட்டால் குறைகிறது என்றால் அறையில் இருக்கும் மின் இரைச்சலைக் கிட்டார் வாங்குகிறது. முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பாதி கேஸ் அங்கேயே தீர்ந்துவிடும். டிம்மர் வைத்த ஃபேன் ரெகுலேட்டர், சோக் போட்ட பழைய ட்யூப்லைட், இன்வர்ட்டர் மூன்றும் அடுத்த சந்தேகம், ஒவ்வொன்றாக அணைத்துக் கேளுங்கள். கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது ரெக்கார்ட் செய்யவே செய்யாதீர்கள், ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர் என்றால் ஹம்பக்கரையும் தாண்டி வரும். நீங்கள் உட்காரும் திசையை மாற்றினாலும் இரைச்சல் ஏறி இறங்கும், எந்தப் பக்கம் திரும்பினால் குறைகிறதோ அந்தப் பக்கம் நாற்காலியைப் போடுங்கள்.

எர்த்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், தந்தியும் கையும் அதோடுதான் சேர்ந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு ப்ளக் பாயின்டுக்காவது எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு அப்புறமும் மிஞ்சுவதை நாய்ஸ் கேட் (வாசிக்காத நேரத்தில் சத்தத்தை மூடிவிடும் எஃபெக்ட்) பார்த்துக்கொள்ளும். கேட்டை ஆம்ப் மாடலுக்கு முன்னால் வையுங்கள், இன்புட் லெவலை நன்றாக ஓங்கி அடித்தாலும் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி வையுங்கள். தந்தி ஐப்பசி மழைக்கு முன் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருங்கள், ரெக்கார்டிங் அன்று புதிதாக மாட்டிக்கொள்ளலாம்.