அம்மாவின் முழங்கால் வலிக்கு ஆடி மாதம் கேரள சிகிச்சை: 14 நாள் அழைத்துப் போகலாமா?

திருப்பூர்க்காரி

அம்மாவுக்கு 63 வயது. 11 வருடமாகச் சர்க்கரை, பிரஷருக்கும் மாத்திரை உண்டு. இரண்டு வருடமாக இரண்டு முழங்காலும் படுத்துகின்றன, மாடிக்கு வருவதையே விட்டுவிட்டார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தேய்மானம்தான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், எடையைக் குறையுங்கள், தொடைத் தசைக்கு இந்தப் பயிற்சிகளைச் செய்யுங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார். அந்தத் தாள் ஆறு மாதமாக ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா போன ஆடியில் கேரளாவுக்குப் போய் 14 நாள் தங்கி ஆயுர்வேத வைத்தியம் பார்த்து வந்தார். வந்தபோது ஆளே வேறு மாதிரி இருந்தார், முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அன்றிலிருந்து அம்மாவுக்கும் போக ஆசை. நான் மூன்று இடங்களுக்கு போன் செய்தேன். முதல் இடத்தில் எடுத்தவுடனே ஆற்றைப் பார்த்த ரூம் வேண்டுமா, தோட்டத்தைப் பார்த்த ரூம் போதுமா என்றார்கள். இரண்டாவது இடத்தில் 7 நாள், 14 நாள், 21 நாள் என்று வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வந்து விழுந்தது. மூன்றாவது இடத்தில் வைத்தியரே எடுத்தார். அம்மாவுக்கு நேரத்துக்குப் பசிக்கிறதா, மலம் தினமும் போகிறதா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது, பாதம் மரத்துப் போகிறதா என்று பத்து நிமிடம் கேள்வி கேட்டார். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு மட்டும் பதிலில்லை, ஒரு தடவை கூட்டி வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

தேய்ந்தது திரும்ப வளருமா? அங்கே இருக்கும் நாட்களில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறாரே, அது சரியா? எண்ணெய் தேய்த்துக் குளிக்க இவ்வளவு செலவா என்று என் வீட்டுக்காரர் வேறு கேட்டுக்கொண்டே இருக்கிறார். போனவர்கள் சொல்லுங்கள்.

பாலக்காட்டு மருமகன்

அக்கா, உங்களுக்கு எரிச்சல் வந்த அந்த மூன்றாவது ஆள்தான் வைத்தியர். மற்ற இரண்டும் லாட்ஜ்.

நான் பொள்ளாச்சி, பெண் எடுத்தது பாலக்காட்டுப் பக்கம். ஒவ்வொரு கர்க்கடக மாதமும், அதாவது நம் ஆடி, மாமனார் வீட்டில் யாராவது ஒருவர் சிகிச்சையில் இருப்பார்கள். மழைக்காலத்தில் செரிமானம் மந்தம், வாதம் கூடும், அதனால் உடம்பைச் சரிபார்க்க அதுதான் நேரம் என்பது அவர்கள் சாஸ்திரம். வயலில் வேலை இல்லாத மாதம், ஆள் ஓய்வாக வீட்டில் கிடப்பான், அதுவும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.

அந்த வைத்தியர் மலத்தையும் பசியையும் ஏன் கேட்டார் என்றால் அவர்கள் மூட்டைத் தனியாகப் பார்ப்பதில்லை. வலி முழங்காலில் என்றாலும் முதலில் அக்னி, அதாவது பசித்தீ எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். சரியாகச் செரிக்காமல் தங்குவதை ஆமம் என்பார்கள். ஆமம் இருக்கிறது என்று தோன்றினால் எடுத்தவுடன் எண்ணெய் வைக்க மாட்டார்கள், முதலில் பொடிக்கிழி (மருந்துப் பொடியைத் துணியில் முடிந்து கொடுக்கும் சூடான ஒத்தடம்) மாதிரி வறண்ட சிகிச்சைதான். காலையில் ஒரு மணி நேரம் மூட்டு பிடித்து, வீங்கி, சூடாகவும் இருந்தால் அது வேறு நோய், மருந்தும் வேறு. என் மாமியாருக்கும் அவர் தங்கைக்கும் ஒரே முழங்கால் வலி, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வாரம் போனார்கள். மாமியாருக்கு இலைக்கிழி, தங்கைக்கு நாலு நாள் வெறும் கஷாயமும் கஞ்சியும். தங்கைக்குப் பயங்கரக் கோபம், அதே பணம் கட்டினேன் எனக்கு மட்டும் கஞ்சியா என்று. ஆயுர்வேதம் உடம்பை முழுசாகப் பார்க்கிறது என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது உண்மையில் இந்தக் கஞ்சிதான். ஆளைப் பார்க்காமல் 14 நாளுக்கும் அட்டவணை போட்டு அனுப்புகிறவன் அதைச் செய்யவில்லை.

நடப்பது என்னவென்றால், எருக்கு, நொச்சி, ஆமணக்கு, புளி, முருங்கை இலைகளைத் தேங்காய்த் துருவல், எலுமிச்சையோடு எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது இலைக்கிழி. ஞவரை அரிசியைக் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்துக் கொடுப்பது ஞவரைக்கிழி. முழங்காலைச் சுற்றி உளுந்து மாவில் வரப்பு கட்டி அதற்குள் சூடான தைலம் நிறுத்துவார்கள், ஜானு வஸ்தி என்று பெயர், அது எனக்கே ஒரு தடவை செய்தார்கள், வலி நல்ல பாதி குறைந்தது, ஆனால் ஆறு மாதத்தில் நான் மறுபடி பைக்கை எடுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்ததும் திரும்பி வந்துவிட்டது. குளித்ததும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்த்துவிடுவார்கள், சளி பிடிக்காமல் இருக்க.

பத்தியம் கடினம், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பகலில் தூங்கக் கூடாது, தயிர் கூடாது, காற்றில் உட்காரக் கூடாது, குடிக்க வெந்நீர்தான், நீண்ட பிரயாணம் கூடாது. 14 நாள் சிகிச்சை என்றால் முடிந்து வீட்டுக்கு வந்தும் இன்னொரு 14 நாள் அதே பத்தியம், பரிகார காலம் என்பார்கள். வந்த அன்றே பேரன் காதுகுத்துக்குப் பிரியாணி கிளறப் போனால் போட்ட காசு போச்சு. இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பக்கத்து வீட்டு அக்கா முகம் தெளிந்ததற்கு எண்ணெய் பாதிக் காரணம், 14 நாள் சமையலறைப் பக்கமே போகாமல் இருந்தது மீதிப் பாதி.

நைட் டியூட்டி நர்ஸ்

மேலே தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனால் சர்க்கரைக்காரரை அனுப்புகிறீர்கள் என்பதை யாரும் தொடவில்லை. நான் ஆயுர்வேதத்துக்கு எதிரி இல்லை, பிரசவத்துக்குப் பிறகு தான்வந்தரம் தைலம் தேய்த்துக் குளித்தவள்தான்.

மாத்திரையை நிறுத்துவது என்ற பேச்சே வேண்டாம். ஆனால் அப்படியே தொடர்வதும் சிக்கல்தான். நெய் குடிக்க வைத்து (ஸ்நேகபானம்) பிறகு பேதிக்குக் கொடுக்கும் நாட்களில் சாப்பாடு கால்வாசிதான் இருக்கும். அம்மா கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்து சேர்ந்திருந்தால், பேதியும் அதுவும் சேர்ந்து ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் போவதற்கு முன் சர்க்கரை டாக்டரிடம் போய் இந்த இந்த நாள் இப்படிச் சாப்பாடு இருக்கும், டோஸ் என்ன செய்யட்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி), எல்எஃப்டி (கல்லீரலுக்கு) ரத்தப் பரிசோதனை மூன்றும் எடுத்துக்கொண்டு போங்கள், குளுக்கோமீட்டரும் பையில் இருக்கட்டும்.

பாதம் மரத்துப் போகிறதா என்று அந்த வைத்தியர் கேட்டாரே, அந்த ஒரு கேள்விக்காகவே அவரிடம் போகலாம். 11 வருடச் சர்க்கரையில் பலருக்கும் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கிழி எவ்வளவு சூடு என்று அவர்களுக்குத் தெரியாது, போதும் என்று சொல்ல மாட்டார்கள், மறுநாள் கொப்புளம். அந்தக் கொப்புளம் புண்ணாகி வருகிறவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக லேகியம், அரிஷ்டம். லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோதான் பாதி. அரிஷ்டம் வெல்லம் போட்டுப் புளிக்க வைப்பது, அதில் தானாக ஊறும் ஆல்கஹாலே பத்து சதவீதம் வரை இருக்கும், பாட்டிலில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். மூட்டுக்கு என்று கொடுத்தால் கஷாயமாகவோ மாத்திரையாகவோ தர முடியுமா என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் கேட்காமலே மாற்றித் தருவார்.

கணக்கு வாத்தியார்

தேய்ந்த குருத்தெலும்பு வளராது. எந்தத் தைலத்துக்கும் வளராது, எந்த மாத்திரைக்கும் வளராது. வளரும் என்று சொல்கிற இடத்தில் உட்கார வேண்டாம். வலி குறையும், நடை கூடும் என்று சொன்னால் அது நியாயமான பேச்சு.

ஆயுர்வேதத்தில் ஆராய்ச்சியே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு, எல்லாம் நிரூபித்தாயிற்று என்கிறவர்களும் உண்டு, இரண்டும் தப்பு. நம் கோயம்புத்தூரிலேயே முடக்குவாதத்துக்கு ஆயுர்வேத மருந்தையும், அந்த நோய்க்கு அலோபதியில் வழக்கமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டையும் வைத்து ஒரு சோதனை நடந்தது, யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது மருத்துவருக்கும் தெரியாது. 43 பேர், 36 வாரம். 2011இல் முடிவு வெளிவந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நல்ல செய்திதான், ஆனால் 43 பேரை வைத்து மாநாடு போட முடியாது, வித்தியாசம் இருந்தாலும் இவ்வளவு சின்னக் கூட்டத்தில் தெரியாமல் போகலாம். அது முடக்குவாதம், உங்கள் அம்மாவுக்கு இருப்பது தேய்மானம் என்பதையும் மறக்க வேண்டாம். இன்னொரு பக்கம், 2008இல் அமெரிக்காவில் இணையம் வழியாக வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள், சுமார் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. இந்தியாவில் செய்ததில் மட்டுமல்ல, அமெரிக்காவில் செய்ததிலும். உலோகங்களைச் சேர்த்துச் செய்யும் பஸ்பம், செந்தூரம் வகையில் அந்த விகிதம் இன்னும் அதிகம்.

இது எனக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. என் அப்பா ஒரு ஊரில் ஒருவரிடம் பெயரே இல்லாத பொட்டலத்தில் மூட்டுப்பொடி வாங்கி எட்டு மாதம் சாப்பிட்டார். வலி நிஜமாகவே பறந்துவிட்டது, நாங்களே நாலு பேரை அனுப்பினோம். பிறகு முகம் உப்பி, சர்க்கரை ஏறி, பொடியை நிறுத்தினால் எழுந்திருக்கவே முடியாத நிலை. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றுதான் டாக்டர் சந்தேகப்பட்டார். அது ஆயுர்வேதமே இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான், ஆனால் போர்டில் ஆயுர்வேதம் என்றுதான் எழுதியிருந்தது. உரிமம் எண், பேட்ச் எண், என்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் இல்லாத எதையும் வாயில் வைக்க விடாதீர்கள். சர்க்கரையைக் குணப்படுத்துகிறோம் என்று எழுதியிருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள், அப்படி விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

பாலக்காட்டு மருமகன்

வாத்தியார் சார், பொட்டலப் பொடியையும் வைத்தியத்தையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே. அஞ்சரை வருடம் பிஏஎம்எஸ் என்ற ஆயுர்வேத மருத்துவப் பட்டம் படித்தவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

கணக்கு வாத்தியார்

தம்பி, அப்பா போனவரும் சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தார். அதனால்தான் சான்றிதழைப் பார்க்கச் சொல்லாமல் பாட்டிலைப் பார்க்கச் சொல்கிறேன்.

கோட்டாறு வாசி

காசு விஷயமாக ஒரு வார்த்தை. ஆயுர்வேதம் என்றாலே ஆற்றங்கரை ரிசார்ட்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொச்சி பக்கம் திருப்பூணித்துறையில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே இதே கிழியும், உடம்பில் சூடான தைலத்தைப் பிழிந்து விடும் பிழிச்சலும் மிகக் குறைந்த செலவில் நடக்கும், என்ன, ரூமுக்குக் காத்திருக்க வேண்டும், ஆற்றைப் பார்க்க முடியாது. எங்கள் நாகர்கோவில் கோட்டாறிலும் அரசு ஆயுர்வேதக் கல்லூரி உண்டு. என் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ரப்பர் பால் எடுக்கும் ஒரு அண்ணாச்சி, இரண்டு பேரும் பத்தியக் கஞ்சியைத் திட்டித் திட்டியே சிநேகிதம் ஆகிவிட்டார்கள்.

தனியார் இடம்தான் என்றால், கேரள சுற்றுலாத் துறை ஆயுர்வேத மையங்களுக்குத் தரச்சான்று கொடுக்கிறது, இருக்கிறதா என்று கேளுங்கள். அது இடத்துக்கும் வசதிக்கும் சான்று, கைராசிக்கு இல்லை.

சித்தா பார்க்கலாமே என்று யாராவது வருவார்கள், நானே சொல்லிவிடுகிறேன், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வாதம் பித்தம் கபம் என்ற கணக்கு இரண்டுக்கும் பொது. அம்மா மனசு எங்கே போகிறதோ அங்கே போங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் மட்டும் கலக்க வேண்டாம்.

திருப்பூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவை அந்த மூன்றாவது இடத்துக்கே கூட்டிப் போனேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் பஞ்சை வைத்துத் தெரிகிறதா என்று கேட்டார். இடது பாதத்தில் இரண்டு இடத்தில் அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இத்தனை வருடத்தில் நானும் கவனிக்கவில்லை, அம்மாவும் சொன்னதில்லை. அதனால் நெய் குடிக்கும் சிகிச்சை வேண்டாம், முழங்காலுக்கு மட்டும் 7 நாள், சூட்டை நர்ஸ் கையில் பார்த்த பிறகுதான் வைப்போம் என்றார். இரவு எட்டரைக்கு மூன்று தோசை சாப்பிடுவதை ஏழு மணிக்குக் கொண்டுவந்து இரண்டாகக் குறைத்துவிட்டு மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். மாத்திரை எதையும் தொடவில்லை, சர்க்கரை டாக்டரிடம் காட்டச் சொல்லி அவரே ஒரு கடிதம் கொடுத்தார்.

எலும்பு டாக்டர் கொடுத்த தாளையும் எடுத்துப் போயிருந்தேன். படித்துவிட்டு, இதை யார் செய்கிறார்கள் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

இன்னொரு கேள்வி. முழங்காலுக்கு வீட்டில் தேய்க்க ஒரு தைலம் கொடுத்திருக்கிறார். ஒரே நாளில் மெத்தை விரிப்பு, தலையணை உறை, டிவி ரிமோட் எல்லாம் அந்த வாசனை. விரிப்பில் பட்ட கறை எப்படிப் போகும்?

பாலக்காட்டு மருமகன்

போகாது அக்கா. பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து மெத்தை மேல் விரித்துவிடுங்கள், தேய்த்து அரை மணி நேரம் கழித்துத் தவிட்டாலோ பயத்தமாவாலோ காலைத் துடைத்துவிட்டு வெந்நீர் ஊற்றுங்கள். ஈரக்காலோடு பாத்ரூமிலிருந்து அம்மாவைத் தனியாக வர விடாதீர்கள், தைலம் பட்ட டைல்ஸ் பனிக்கட்டி மாதிரி வழுக்கும்.