மறு: மூடி ‘லூஸ்’ ஆவதற்கு ஒரு சொல்லா, இரண்டா?

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. நடுவில் சேர்ந்தவர்களுக்காகக் காங்கேயம் தம்பியின் கேள்வியை மறுபடி ஒட்டுகிறேன்:

> சிறு செக்கு எண்ணெய்க்காரர்களுக்காக ஒரு பக்கக் கையேடு தயாரிக்கிறோம். பாட்டிலை லாரி பார்சலிலும் கூரியரிலும் அனுப்பும்போது மூடி லூஸாகி எண்ணெய் கசிகிறது. ஆங்கிலக் கையேடுகளில் இதை ‘பேக்-ஆஃப்’ என்கிறார்கள். தமிழில் என்ன எழுதலாம்?

இதுவரை வந்தவை: பின்தளர்வு, பின்வாங்கல், தானவிழ்வு, மூடிநெகிழ்ச்சி. ‘பின்’னில் தொடங்கும் இரண்டையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம் என்பது என் கட்சி. மூடி பின்னால் எங்கும் போவதில்லை, மேலேதான் ஏறுகிறது. ‘அவிழ்’ முடிச்சுக்கும் மொட்டுக்கும் உரிய வினை, திருகுக்கு ஒட்டாது. நெகிழி என்றாலே பிளாஸ்டிக் என்று ஆகிவிட்ட காலத்தில், பிளாஸ்டிக் மூடிக்குப் போய் நெகிழ்ச்சி என்றால் படிப்பவர் வேறெதையோ நினைப்பார்.

சொல்லைத் தேடும் முன் பொருளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நான் பாட்டில் நிரப்பும் ஆலைகளில் பொதி வேலை பார்த்தவன். ‘மூடி லூஸாயிடுச்சு’ என்று வாய் ஒன்றாகச் சொன்னாலும் அங்கே நடப்பது இரண்டு. ஒன்றில் மூடி இம்மியும் சுழல்வதில்லை, இறுக்கம் மட்டும் குறைகிறது. மற்றதில் மூடி நிஜமாகவே சுழன்று மேலேறுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒரே பெயர் வைத்தால் கையேட்டைப் படிக்கிறவர் ஒன்றின் மருந்தை மற்றதற்குப் போடுவார்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். மூடி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். பாட்டில் பெட் அல்லது ஹெச்டிபிஇ, அவையும் பிளாஸ்டிக் வகைகளே. மூடியை இறுக்கும்போது அதன் சுவர் கொஞ்சம் இழுபடுகிறது, மூடிக்கு உள்ளே இருக்கும் வில்லை, அதாவது கழுத்து விளிம்பை அடைக்கும் வட்டத் துண்டு, நசுங்குகிறது. அந்த இழுவைதான் பிடிமானம். ஆனால் பிளாஸ்டிக் எஃகைப் போல இழுவையைத் தாங்கிக்கொண்டே நிற்காது. மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். முதல் சில நிமிடங்களில் வேகமாக, முதல் நாளுக்குள் பெரும்பகுதி, பிறகு மிக மெதுவாக. 28 மில்லிமீட்டர் மூடியை எவ்வளவு பலமாகத் திருகி இறுக்குவது (ஆங்கிலத்தில் ‘டார்க்’) என்பதற்கு ஆலைகளில் ஒரு கைக்கணக்கு உண்டு: மில்லிமீட்டர் விட்டத்தில் பாதி, அங்குல-பவுண்டில். அதாவது 14, நியூட்டன்-மீட்டரில் ஏறத்தாழ 1.6. அப்படி இறுக்கிய மூடியை மறுநாள் கழற்றிப் பார்த்தால் டார்க் அளவி சுமார் பாதிதான் காட்டும். இது கோளாறே அல்ல, எதிர்பார்த்த இறக்கம். மூடிய லாரிக்குள் மே மாத வெயிலில் கிடந்தால் இன்னும் இறங்கும்.

இரண்டாவது, சுழற்சி. ஒரே திருகுவரி சுற்றிச் சுற்றி ஏறும் சாதாரண ஒற்றைப் புரிக் கழுத்தில், 28-400 என்று சந்தையில் கேட்டு வாங்குவதில், அங்குலத்துக்கு 6 சுற்று. பள்ளியில் திருகு அளவி படித்தவர்களுக்குப் ‘புரியிடைத் தூரம்’ நினைவிருக்கும். இங்கே அது 4.2 மி.மீ. அந்தச் சுற்றளவுக்குக் கணக்குப் போட்டால் புரியின் சாய்வு 3 பாகை அளவுதான். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும்போது இவ்வளவு சிறு சாய்வில் எதுவும் சறுக்காது. பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தாலும் மூடி தானாகச் சுழலாது.

அப்படியானால் லாரியில் மட்டும் ஏன்? இதற்கு விடை போல்ட் ஆய்வில் கிடைத்தது. ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ல் காட்டியது இது: மரையை அச்சின் திசையில் குலுக்குவதைவிடப் பக்கவாட்டில் அசைத்தால் மிக எளிதாகக் கழலும். பக்கவாட்டில் வழுக்கும் அந்தக் கணத்தில் உராய்வு முழுவதும் அந்த வழுக்கலைத் தடுப்பதிலேயே செலவாகிவிடுகிறது. சுழற்சியைத் தடுக்க மிச்சம் இருப்பதில்லை. சிறு சாய்வுகூட அப்போது போதும். ஒவ்வோர் அசைவிலும் மயிரிழை சுழலும். பெட்டிக்குள் இடம் விட்டு அடுக்கிய பாட்டில்கள் ஒன்றன் தலையில் ஒன்று இடித்துக்கொண்டு போவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இரண்டையும் பிரித்தறியக் கருவியே வேண்டாம். பாட்டிலைப் பெட்டியில் போடும் முன் மார்க்கரால் மூடியிலிருந்து கழுத்துவரை நேராக ஒரு கோடு இழுங்கள். போன இடத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடு நேராக இருந்தும் மூடி இளக்கமாக இருந்தால் முதல் வகை. கோடு உடைந்து, மூடியில் உள்ள பாதி வலப்பக்கம் தள்ளி நின்றால் இரண்டாம் வகை. இதற்குச் ‘சாட்சிக்கோடு’ என்று பெயர் வைக்கலாம்.

இனி பெயர்கள். முதல் வகைக்குத் தளர்வு. இரண்டாம் வகைக்குக் கழல்வு.

கழல்வைத் தேர்ந்ததற்குக் காரணம் இலக்கணம். கழல் தன்வினை, கழற்று பிறவினை. காதலில் மெலிந்தவள் கையில் வளை கழலும், யாரும் கழற்றுவதில்லை. ‘தானே’ என்ற பொருள் வினைக்குள்ளேயே இருப்பதால் ‘தானவிழ்வு’ போல முன்னால் ஒரு வால் ஒட்ட வேண்டியதில்லை. பேச்சிலும் மரை கழண்டுபோச்சு என்றுதான் சொல்கிறோம், ஆளைப் பற்றியும்கூட. கையேட்டை வாங்குகிறவருக்கு இதை விளக்க ஒரு வரிகூடத் தேவையில்லை.

அடுத்து ‘டார்க்’. பாடநூல் ‘திருப்பு விசை’ என்கிறது, பைக் விளம்பரங்களில் ‘முறுக்கு விசை’. இரண்டிலும் விசை நுழைந்துவிட்டது. இது விசை அல்ல, விசையையும் அது எவ்வளவு தள்ளி இழுக்கிறது என்பதையும் பெருக்கி வருவது. 10 செ.மீ. நீளமுள்ள பட்டைப் பிடியை மூடியில் மாட்டி, அதன் நுனியில் தொங்கு தராசைக் கொக்கி போட்டு இழுத்தால், 1.6 கிலோ காட்டும்போது நமக்கு வேண்டிய 1.6 நியூட்டன்-மீட்டர் வந்துவிடும். விலை உயர்ந்த அளவி வாங்க முடியாதவர்களுக்கு இதுவே போதும். இறுக்கு, இறுக்கம், அழுத்து, அழுத்தம் என்ற வரிசையில் முறுக்கு, முறுக்கம் என்று வைக்கலாம். மூடும்போது கொடுப்பது இறுக்கு முறுக்கம், திறக்கும்போது வேண்டியது கழற்று முறுக்கம். பட்டறையில் திருகாணியை ‘முடுக்கு’ என்பார்கள், அருமையான சொல். ஆனால் முடுக்கத்தை இயற்பியல்காரர்கள் ஏற்கெனவே வேறு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மருந்துகளுக்கு வருகிறேன். தளர்வுக்கு: சரியான இறுக்கு முறுக்கம், மீண்டெழும் வில்லை, ஒரு நாள் கழித்துச் சோதனை. அலுமினியத் தாள் சீல் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு அடுக்கு வில்லையில் தாளும் அட்டையும் மெழுகால் ஒட்டியிருக்கும். சீல் இயந்திரத்தின் அடியில் போகும்போது தாள் சூடேறி, மெழுகு உருகி அட்டைக்குள் இறங்கும். அந்த மெழுகு இருந்த இடம் காலியாவதால் மூடி உடனே தளரும். ஆகவே சீல் ஆன பிறகு மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

கழல்வுக்கு இறுக்கம் மட்டும் போதாது, அசைவை நிறுத்த வேண்டும். பெட்டிக்குள் தடுப்பட்டை வைத்துப் பாட்டில்கள் ஆடாமல் அடுக்குவது முதல் வேலை. இரண்டாவது நாடா. விமானத்தில் ஆபத்தான திரவங்களை அனுப்பும் விதிகளிலேயே மூடியை இன்னொரு வழியிலும் பிடித்துவைக்கச் சொல்கிறார்கள், அதில் ஒட்டுநாடாவும் ஒரு வழி. மூடியையும் கழுத்தையும் சேர்த்து, மூடி இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் நாடாவை இழுக்கும் கையே மூடியைக் கழற்றிவிடும்.

இரண்டுக்கும் பொதுவான எதிரி, கழுத்தில் வழிந்த எண்ணெய். புனல் வைத்துக் கையால் நிரப்பும்போது கடைசிச் சொட்டு விளிம்பில் இறங்கும். அது தாள் சீலையும் ஒட்டவிடாது, புரியின் உராய்வையும் குறைக்கும். மூடி போடும் முன் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு.

கடைசியாக ‘ஹெட் ஸ்பேஸ்’. வெற்றிடம் என்று ஒருவர் எழுதியிருந்தார், அங்கே காற்று இருக்கிறதே. தலைவெளி போதும். தலைதட்டி அளப்பது நமக்குத் தெரியும். பாட்டிலைத் தலைதட்டி நிரப்பக் கூடாது என்றால் புரியும். 1 லிட்டர் எண்ணெய் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 14 மி.லி. பெருகும். பாட்டில் ஊட்டிக்கு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தத்தில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு குறைந்துவிடும். இரண்டையும் தாங்க அந்த இடம் வேண்டும்.

அன்புடன்,
ஓசூரிலிருந்து

———

மறு: மறு: மூடி ‘லூஸ்’ ஆவதற்கு…

ஓசூர் அண்ணனுக்கு வணக்கம். நான் கோவையில் மூடிக்கு மோல்டு அடிக்கிறவன். கழல்வுக்கு என் ஓட்டு உண்டு. ஆனால் மருந்துப் பட்டியலில் டிசைன் பக்கத்தைத் தொடவே இல்லையே?

கழுத்தில் ஒரு சின்னப் பல், மூடியின் உள்ளே ஒரு சின்னப் பல். மூடும் பக்கம் சரிவாக, திறக்கும் பக்கம் செங்குத்தாக வெட்டினால், மூடும்போது ‘டக்’ என்று ஏறி உட்காரும். திரும்பி வர வேண்டுமென்றால் கை பலம் வேண்டும், லாரி ஆட்டத்துக்கு அசையாது. இதைக் கழல்தடைப் பல் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: மூடி முழுதாக இறுகும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே பல் உட்கார்ந்துவிட்டால், ‘டக்’ சத்தம் கேட்டு ஆள் கையை எடுத்துவிடுவான், வில்லை நசுங்கியிருக்காது. அங்கே கழல்வு இருக்காது, கசிவு இருக்கும். பல் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதில்தான் மோல்டுக்காரன் வேலை இருக்கிறது.

இன்னொன்று, கால் சுற்றில் திறக்கும் பல புரி மூடிகளை நீண்ட தூரப் பார்சலுக்கு வாங்காதீர்கள். சீக்கிரம் திறக்க வேண்டுமென்றால் புரி செங்குத்தாக ஏற வேண்டும். அண்ணன் சொன்ன 3 பாகைப் பாதுகாப்பு அங்கே கிடைக்காது.

———

மறு: மறு: மறு: மூடி ‘லூஸ்’ ஆவதற்கு…

வணக்கம் ஐயா. தளர்வு, கழல்வு இரண்டும் எங்கட ஆக்களுக்கும் விளங்கும். முறுக்கம் பற்றி ஒரு சொல். இலங்கைப் பாடப்புத்தகங்களில் ‘மொமென்ட்’டுக்குத் திருப்பம் என்றுதான் படிச்சனாங்கள், சடத்துவத் திருப்பம் என்றால் எந்த உயர்தர மாணவருக்கும் தெரியும். அதிலும் விசை இல்லை. ஏற்கெனவே இருக்கிற ஒன்றை விட்டிட்டுப் புதிதாக ஒன்று தேவையா?

யாழ்ப்பாணத்திலிருந்து

———

மறு: மறு: மறு: மறு: மூடி ‘லூஸ்’ ஆவதற்கு…

யாழ்ப்பாணத்து அம்மையாருக்கு: வகுப்பறைக்குத் திருப்பம் நல்ல சொல், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் கையேட்டில் ‘மூடியின் திருப்பம் 1.6’ என்று அச்சிட்டால், ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேலே திருப்பு என்றுதான் செக்குக்காரர் எடுத்துக்கொள்வார். திருகும் மூடிக்கு மட்டுமாவது முறுக்கம் இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் போட்டு, எது எங்கே வழங்குகிறது என்று குறித்துவிடலாம்.

கோவைத் தம்பியின் கழல்தடைப் பல்லைச் சேர்த்துவிட்டேன். மோல்டு மாற்றும் செலவு சிறு செக்குக்காரருக்குக் கட்டாது. மூடி வாங்கும்போது கேட்டு வாங்கச் சொல்வோம்.

———

மறு: மறு: மறு: மறு: மறு: மூடி ‘லூஸ்’ ஆவதற்கு…

எல்லாருக்கும் நன்றி. கையேட்டின் நடுப்பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன்:

> விளிம்பைத் துடைக்கவும். தலைவெளி விடவும். மூடியை இறுக்கிச் சாட்சிக்கோடு போடவும். சீல் போட்டால், ஆறியபின் மறுபடி இறுக்கிப் புதுக்கோடு போடவும். மறுநாள் கோடு நேராக இருந்து மூடி இளகியிருந்தால் தளர்வு: வில்லையையும் இறுக்கு முறுக்கத்தையும் பார்க்கவும். வாடிக்கையாளர் அனுப்பும் படத்தில் கோடு விலகியிருந்தால் கழல்வு: அடுக்கையும் நாடாவையும் பார்க்கவும்.

‘வில்லை’ மட்டும் இடிக்கிறது அண்ணே. எங்கள் பக்கம் அதை வாஷர் என்பார்கள்.

———

மறு: மறு: மறு: மறு: மறு: மறு: மூடி ‘லூஸ்’ ஆவதற்கு…

தம்பி, வாஷர் என்றே போடுங்கள், கையேட்டுக்கு அதுதான் சரி. வில்லை பட்டியலில் இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன் படத்தை ஒருமுறை அனுப்புங்கள். சாட்சிக்கோட்டை மூடியின் மேல்தட்டில் வரைந்துவிடப் போகிறார் ஓவியர். அது பக்கவாட்டில், மூடியின் விளிம்பைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்க வேண்டும்.