ஹெட்ஃபோன் ஜாக்ல ஓயாத இரைச்சல், என்ன பண்றது?

ராத்திரி_ஆந்தை:
டெஸ்க்டாப்ல முன்னாடி இருக்குற ஜாக்ல ஹெட்ஃபோன் சொருகினா பாட்டு ஓடலைன்னாலும் ஙொய்ங்னு கேட்டுட்டே இருக்கு, மவுஸை நகத்துனா சத்தம் கிர்ருனு மாறுது, கேம் போட்டா இன்னும் மோசம். அதே ஹெட்ஃபோன் போன்ல சுத்தமா இருக்கு. டிரைவர் அழிச்சு திரும்ப போட்டாச்சு. சவுண்ட் கார்டு வாங்கணுமா?

வயர்_மேன்:
மவுஸுக்கு ஏத்த மாதிரி மாறுதுன்னா டிரைவர் இல்ல ப்ரோ, உள்ள இருந்து வர்ற எலக்ட்ரிக்கல் நாய்ஸ். முன் ஜாக்குக்கு போற மெல்லிசு வயர் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டை ஒட்டித்தான் போகும், நாய்ஸைத் தடுக்குற ஷீல்டு உறையும் ஒழுங்கா இருக்காது. பின்னாடி பச்சை ஜாக்ல போட்டுப் பாருங்க.

ராத்திரி_ஆந்தை:
முக்காவாசி கொறஞ்சிருச்சு! ஆனா அடியில ம்ம்ம்னு ஒண்ணு இருக்கு. அப்புறம் கேபினெட்டைத் தொட்டா லேசா சுர்ருங்குது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

கரண்ட்_அக்கா:
சுர்ருங்குதா? அப்ப எர்த் வரலப்பா. அந்த ம்ம்ம் அனேகமா 50 ஹெர்ட்ஸ் லைன் சத்தம்தான். 3 பின் ப்ளக்கை 2 பின் எக்ஸ்டென்ஷன்ல மாட்டிருக்கியா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் செக் பண்ணு, பாட்டெல்லாம் அப்புறம்.

வயர்_மேன்:
அக்கா சொல்றதுதான் ஃபர்ஸ்ட். அதுக்கப்புறமும் இரைஞ்சா சவுண்ட் கார்டு வேணாம், அதுவும் அதே பெட்டிக்குள்ளதான உக்காரும், வெளிய மாட்டுற சின்ன யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் சிக்னலை ஹெட்ஃபோனுக்கு ஏத்த ஆடியோவா மாத்துற கருவி) போதும்.