பிராசஸர் சுமை 20 விழுக்காடுதான், ஆனாலும் குரல் பதிவின்போது ஒலி அறுபடுகிறது: உதவி தேவை

சுருதிப்பெட்டி (கேள்வி):

வணக்கம். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிக் கர்நாடக இசைப் பதிவுகளைச் செய்து வருகிறேன். எட்டு கோர் பிராசஸரும் 16 ஜிபி ராமும் கொண்ட விண்டோஸ் 11 மடிக்கணினி, இரண்டு மைக் செருகக்கூடிய யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதற்கென்றே தரப்பட்ட ஏசியோ டிரைவர் (ஒலியைக் குறைந்த தாமதத்தில் கடத்தும் இயக்கு நிரல்), ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறேன். சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 48,000 சாம்பிள். பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு, 128 சாம்பிள்.

தம்புராவும் வயலினும் மிருதங்கமும் முன்பே பதிவாகிவிட்டன. அவற்றை மட்டும் ஓடவிட்டால் பெரும்பாலும் ஒழுங்காகவே ஒலிக்கின்றன. ஆனால் அவற்றை ஹெட்ஃபோனில் கேட்டபடி பாடகி பாடுவதற்காகக் குரல் டிராக்கைப் பதிவுக்குத் தயார்நிலையில் வைத்தவுடன், அப்பளம் நொறுங்குவதைப் போன்ற பொடிச் சத்தம் தொடங்கிவிடுகிறது. இது போதாதென்று, எப்போதாவது ஒலி முழுவதுமாக அறுந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்ப வருகிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் சுமை 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை. தன் குரல் தனக்கே சற்றுப் பின்தங்கிக் கேட்பதாகவும் பாடகி சொல்கிறார். வேறு கணினிக்கு மாறத்தான் வேண்டுமா?

தனியாவர்த்தனம்:

பஃபரை 1024 ஆக உயர்த்திப் பாருங்கள். பதிவு முடிந்த டிராக்குகளை ஃபிரீஸ் செய்துவிட்டால் (விளைவுகளோடு சேர்த்து ஒலிக்கோப்பாக்கிவிட்டால்) அவற்றின் பிளகின்கள் (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்கள்) ஓட வேண்டியிருக்காது, சுமை குறையும்.

சுருதிப்பெட்டி:

நன்றி. 1024 வைத்ததும் பொடிச் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் இடையிடையே ஒலி அறுபடுவது அப்படியே இருக்கிறது. குரலும் இன்னும் அதிகமாகப் பின்தங்குவதால் பாடகிக்குக் காலப்பிரமாணம் நிற்கவில்லை.

ஒலிமேசை:

நண்பரே, நீங்கள் இப்போது எழுதிய இரண்டு வரிகளில் பாதி விடை இருக்கிறது. பஃபரை உயர்த்தியதும் ஒரு சத்தம் மறைந்து மற்றொன்று மறையவில்லை என்றால், இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்று கொள்ள வேண்டும்.

முதலில் அந்த 20 விழுக்காட்டை ஒதுக்கி வையுங்கள். டாஸ்க் மேனேஜர் எல்லாக் கோர்களையும் சேர்த்து, ஏறத்தாழ ஒரு வினாடிக்கு ஒருமுறை சராசரியைக் காட்டுகிறது. எட்டில் ஒரு கோர் முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 12.5 விழுக்காடாகத்தான் தெரியும். ஒலிக்கோ சராசரி பொருட்டல்ல, கெடுதான் பொருட்டு. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது 2.67 மில்லி வினாடி. அதற்குள் அடுத்த துண்டு ஒலி தயாராகாவிட்டால், மீதி நேரமெல்லாம் பிராசஸர் சும்மா இருந்திருந்தாலும் அந்த இடத்தில் சத்தம் கேட்கவே செய்யும். 1024 என்று வைத்தால் கெடு 21.3 மில்லி வினாடியாக நீள்கிறது.

முன்பே பதிவான டிராக்குகளை ரீப்பர் சற்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். இயல்பான அமைப்பில் அது 200 மில்லி வினாடி. அந்த வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிடவும் முடியும். இனிமேல் பாடப்போகும் குரலை முன்கூட்டியே கணக்கிட வழியில்லை. மைக்கில் நுழையும் குரல் தன் டிராக்கின் பிளகின்கள், ரிவர்ப் (எதிரொலிப்பு), எல்லா டிராக்குகளும் கலந்து வெளியேறும் மாஸ்டரில் இருக்கும் பிளகின்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த 2.67 மில்லி வினாடிக்குள் கடந்தாக வேண்டும். முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்க முடியாது என்பதால் எத்தனை கோர் இருந்தாலும் இங்கே உதவாது. தயார்நிலையில் வைத்தவுடன் சத்தம் தொடங்குவது இதனால்தான். பதிவான டிராக்குகளை ஃபிரீஸ் செய்வதில் தீங்கில்லை, ஆனால் இந்தச் சங்கிலியின் நீளம் அதனால் குறையாது.

எப்போதாவது அறுபடுவது வேறு கதை. 21 மில்லி வினாடி அவகாசம் தந்தும் அறுபடுகிறது என்றால், இசை மென்பொருளை வெளியிலிருந்து ஏதோ நிறுத்தி வைக்கிறது. விண்டோஸில் வன்பொருள் டிரைவர்கள் டிபிசி என்ற வழியில் அவசர வேலைகளைச் செய்துகொள்கின்றன. அவை நடக்கும்போது அதே கோரில் இருக்கும் எந்த மென்பொருளும், ஒலிக்கென்று உயர் முன்னுரிமை பெற்றதும் கூட, காத்திருக்க வேண்டும். ஒழுங்கான டிரைவர் இதை மிகக் குறைந்த நேரத்தில் முடித்துவிடும். ஒரு டிரைவர் முரண்டு பிடித்தாலும் ஒலி அறுந்துவிடும்.

ஆகவே இரண்டைச் செய்யுங்கள். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டு, சிறிது நேரம் கழித்து அதன் டிரைவர் பட்டியலில் எது அதிக நேரம் எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். பிறகு ரீப்பரில் கண்ட்ரோல், ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் செயல்திறன் அளவியைத் திறந்து, மிக நீண்ட துண்டுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாஸ்டரில் என்ன பிளகின்கள் உள்ளன என்பதையும் எழுதுங்கள். புதுக் கணினி வாங்கச் சொல்வது எளிது; அதே வகை டிரைவர் அதிலும் இருந்தால் பணம்தான் வீண்.

சுருதிப்பெட்டி:

ஐயா, மிக்க நன்றி. லேட்டன்சிமான் பட்டியலில் நெட்வொர்க் டிரைவரே முதலிடத்தில் நின்றது. டிவைஸ் மேனேஜரில் வைஃபையை முடக்கிவிட்டுப் பதிவு செய்தேன்; இடையில் அறுபடுவது அடியோடு நின்றுவிட்டது. பஃபரை மறுபடி 128 ஆக்கியதும் பொடிச் சத்தம் திரும்பிவிட்டது. அளவியில் மிக நீண்ட துண்டு 2.7 மில்லி வினாடிக் கெடுவைத் தாண்டித் தாண்டி வருகிறது. மாஸ்டரில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ (ஒலியின் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வகைப் பிளகின்) ஒன்றும் லிமிட்டர் (ஒலி வரம்பு மீறாமல் தடுப்பது) ஒன்றும் உள்ளன.

ஒலிமேசை:

வைஃபைக்கு டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் பதிவின்போது மட்டும் முடக்கி வைப்பதே போதும்.

மாஸ்டரில் இருக்கும் அந்த ஈக்யூதான் உங்கள் பொடிச் சத்தத்துக்கும் பாடகியின் குறைக்கும் பொதுவான காரணம் என்று நினைக்கிறேன். இவ்வகைப் பிளகின்கள் பல ஆயிரம் சாம்பிள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கணக்கிடுபவை. 4096 சாம்பிள் தாமதம் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் அது 85 மில்லி வினாடி. பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தாமதம் குறையாது. மேலும் அவற்றில் சில, பல துண்டுகளுக்குச் சும்மா இருந்துவிட்டு, சேர்ந்த வேலையை ஒரே துண்டில் செய்து முடிக்கும். சராசரிச் சுமை அமைதியாக இருக்க, அந்த ஒரு துண்டு மட்டும் கெடுவைத் தாண்டிவிடும். லிமிட்டர் முன்னோக்கிப் பார்க்கும் வகையாக இருந்தால் அதுவும் தாமதம் சேர்க்கும், ஆனால் சிறிதளவே.

இரண்டையும் பைபாஸ் செய்வதோடு (ஒலி அவற்றைத் தாண்டிப் போகச் செய்வதோடு) நிறுத்தாமல் ஆஃப்லைன் ஆக்கிவிடுங்கள் (முழுவதுமாக நிறுத்திவிடுங்கள்). சில பிளகின்கள் பைபாஸிலும் தாமதத்தை அப்படியே வைத்திருக்கும். கலவைக்கு உட்காரும்போது திரும்ப இயக்கி, பஃபரையும் 1024 ஆக்கிக்கொள்ளலாம். அப்போது யாரும் பாடப்போவதில்லை என்பதால் தாமதம் யாரையும் உறுத்தாது. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் பதிவின்போது அதையே பயன்படுத்துவது இன்னும் நல்லது. குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வரும். அப்படிச் செய்யும்போது ரீப்பரில் குரல் டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும்.

சுருதிப்பெட்டி:

செய்துவிட்டேன். 128 பஃபரில் சத்தமே இல்லை. டைரக்ட் மானிட்டரில் பாடகிக்கும் குரல் உடனுக்குடன் கேட்கிறது; ரிவர்ப் இல்லாமல் வெறுமையாக இருக்கிறது என்பதே அவருடைய ஒரே குறை.

ஒலிமேசை:

அதற்கும் வழி உண்டு. குரல் டிராக்கிலிருந்து ரிவர்ப் டிராக்குக்கு மட்டும் ஒலி போகட்டும். குரல் டிராக்கின் மாஸ்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதன் மானிட்டரை இயக்குங்கள். ரிவர்ப் சில மில்லி வினாடி தாமதமாக வந்தாலும் காதுக்குத் தவறாகத் தோன்றாது, ஏனெனில் அது எப்படியும் குரலுக்குப் பின்னால் வர வேண்டியதுதான்.

பழைய கீபோர்டு:

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்குத் தலைகீழாக நடக்கிறது: வாசிக்கும்போது சுமை குறைவாகவும், வாசிப்பை நிறுத்தி ரிவர்ப் தேய்ந்து மறைந்த பிறகு சுமை மிக அதிகமாகவும் ஆகி ஒலி உடைகிறது. மிகப் பழைய ரிவர்ப் பிளகின் ஒன்றைப் பயன்படுத்துகிறேன்.

ஒலிமேசை:

நீங்கள் சொல்லும் அடையாளம் டீநார்மல் எண்களுக்கே, அதாவது சுழியத்தை ஒட்டிய மிக நுண்ணிய எண்களுக்கே உரியது. ரிவர்ப் தன் வெளியீட்டைத் தானே மீண்டும் உள்வாங்கிச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போகிறது. அந்த எண்கள் காதுக்கு எட்டாத அளவையும் கடந்து மிக நுண்ணியவையாகும்போது, பல பிராசஸர்கள் அவற்றைக் கணக்கிட வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். இன்றைய பிளகின்கள் இத்தகைய எண்களைச் சுழியமாக்கிவிடுகின்றன. பழையவை பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. புதிய பதிப்பு கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், காதில் விழாத அளவுக்கு மிக மெல்லிய இரைச்சலை ரிவர்புக்கு முன்னால் செருகிப் பாருங்கள். பின்னால் செருகினால் பயன் இல்லை, ஏனெனில் நுண்ணிய எண்கள் பிறப்பது ரிவர்புக்கு உள்ளே. இரைச்சல் சேர்த்ததும் சுமை இறங்கினால் காரணம் உறுதியாகிவிடும்.