மொட்டை மாடியில் நீர்க்கசிவு: மழைக்கு முன் என்ன செய்யலாம்?

அனைவருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் பழைய தனி வீடு ஒன்றை வாங்கி இந்தக் கோடையில் குடிவந்தோம். போன வாரம் பெய்த ஒரே மழையில் படுக்கையறைக் கூரையின் மூலையில் ஈரம் படர்ந்துவிட்டது. பூச்சு உப்பிக்கொண்டு, தொட்டால் மாவாக உதிர்கிறது. அதற்கு நேர் மேலே, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் தட்டோடுகளுக்கு நடுவே இருந்த கலவை பெயர்ந்து, விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு தெரிகிறது.

இரண்டு கொத்தனார்கள் வந்து பார்த்தார்கள். இடுக்குகளை அடைத்து மேலே நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தால் போதும் என்கிறார் ஒருவர். ஓடுகளைப் பெயர்த்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, வடிகுழாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்துப் புதிதாகத் தளம் போட வேண்டும் என்கிறார் மற்றவர். செலவோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஓட்டுக்கு அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் மேலே பூசுவது வீண் என்றே எனக்குப் படுகிறது. கூரைக் கம்பி துருப்பிடித்துவிடுமோ என்ற கவலை வேறு.

வடிகுழாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்தால் கசியும் இடம் உறுதியாகுமா? பூச்சு மட்டும் அடித்தவர்களுக்கு அது எத்தனை மழைக்காலம் தாங்கியது? அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். இந்தப் பக்கம் நம்பிக்கையான கொத்தனார் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.